கடையில் போய் ‘நானும் டீச்சர்’ என்று சொல்லலாமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தங்கச்சி. கேலி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் இங்கே ஒரு அக்காவிடம் ஃபோனில் கேட்டேன், பக்கத்து அறையில் இருந்த என் வீட்டுக்காரருக்குக்கூடக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு. என்னமோ திருடப் போகிற மாதிரி.

நீங்கள் கேட்டது இதுதான்: டெக்சாஸில், டாலஸ் பக்கத்து இர்விங்குக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பெரியவன் நாலாவது, சின்னவள் ஒண்ணாவது. பள்ளியிலிருந்து இரண்டு பேரையும் நிறுத்தி வீட்டிலேயே சொல்லித்தருகிறீர்கள். புத்தகம், லேப்டாப், வரைகிற சாமான் என்று செலவு ஏறுகிறது. எங்கே பார்த்தாலும் ‘டீச்சர் டிஸ்கவுண்ட்’, ‘ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வீட்டில் இருக்கிற அம்மா அதைக் கேட்கலாமா, ஏமாற்று ஆகாதா, விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமா?

கேட்கலாம். டெக்சாஸில் நம் வீடு சட்டப்படி ஒரு தனியார் பள்ளி. பேச்சுக்குச் சொல்லவில்லை. 1987-ல் டாரன்ட் கவுண்டி நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது, 1994-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனுக்கான பாடம் என்று ஐந்தையும் புத்தகமோ வீடியோவோ வைத்து ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். மாநிலத்தில் பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது, நமக்கு பி.எட். பட்டமும் வேண்டாம்.

பதிவு இல்லாதது வசதிதான். ஆனால் கடையில் நிற்கும்போது அதுவே தலைவலி. வட கரோலினாவில் இருக்கிறவர்கள் மாநில அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும், அதற்குச் சான்றும் கையில் இருக்கும். கலிஃபோர்னியாக்காரர்கள் வருடா வருடம் அக்டோபரில் தனியார் பள்ளி என்று உறுதிமொழி தாக்கல் செய்கிறார்கள், அதன் நகலை நீட்டிவிடலாம். நம்மிடம் நீட்ட ஒன்றும் இல்லை. ஆகவே நாமே ஒரு காகிதம் தயார் செய்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளை நிறுத்தியபோது ஸ்கூலுக்கு ஒரு விலகல் கடிதம் கொடுத்தீர்களா? கொடுக்காமல் சும்மா நிறுத்தியிருந்தால் முதல் வேலை அதுதான். இல்லாவிட்டால் வராத நாள் கணக்கில் சேர்த்து நோட்டீஸ் அனுப்புவார்கள். ‘இந்தத் தேதியிலிருந்து வீட்டில் கற்பிக்கிறோம், இன்னின்ன பாடங்கள்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்ட அந்தக் கடிதம்தான் உங்கள் ஆதாரம். இரண்டு நகல் எடுத்து வையுங்கள். அதோடு வீட்டுப் பள்ளிக்கு ஒரு பெயர் வையுங்கள். நாங்கள் மாமியார் ஊர்ப் பெயரை வைத்தோம். அவருக்கு அதில் இன்றுவரை பெருமை. அந்தப் பெயரை மேலே போட்டு, வருடா வருடம் ஆகஸ்டில் புதுத் தேதியோடு ஒரு பக்கக் கடிதம் அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். எச்எஸ்எல்டிஏ மாதிரி ஹோம்ஸ்கூல் சங்கங்களில் சேர்ந்தால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். தள்ளுபடிக்காக மட்டும் சந்தா கட்டிச் சேராதீர்கள். அந்தச் சங்கத்தின் வேலை சட்ட உதவி, அது வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள்.

முதல் தடவை நான் கேட்டது ஒரு புத்தகக் கடையில். பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். ‘எஜுகேட்டர் கார்டு வேண்டும், ஹோம்ஸ்கூல்’ என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கல்லாவில் இருந்த பெண் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ‘எந்த வகுப்புக்கு எடுக்கிறீங்க?’ என்று கேட்டாள். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இடுப்புயரம் இருந்த என் மகள் ‘எனக்கு எடுக்கிறாங்க, ஆனா கணக்குல ரொம்ப கத்துவாங்க’ என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் என் கடிதத்தை முழுசாகக்கூடப் படிக்கவில்லை, தேதியை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை எழுதிக் கொடுத்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் அது என் மகள்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ‘டீச்சர்’ என்றால் யார் என்பதை ஒவ்வொரு கடையும் தன் விதிமுறையில் எழுதி வைத்திருக்கும். அந்த வரியில் ஹோம்ஸ்கூல் என்ற சொல் இருந்தால் தலை நிமிர்ந்து கேளுங்கள். இல்லாவிட்டால் ‘எங்களுக்கும் உண்டா?’ என்று ஒரு தடவை விசாரியுங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், வாதாட வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் வளர்ந்தவர்கள் நாம். தி.நகரில் யார் உள்ளே போனாலும் அதே விலைதான். இங்கே தள்ளுபடி சரக்குக்கு இல்லை, ஆளுக்கு. அந்த ஆள் நாம்தானா என்பதே கேள்வி.

ஆப்பிள் கல்விக் கடையின் விதியில், எல்லா வகுப்புக்குமான ஹோம்ஸ்கூல் ஆசிரியர்கள் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. மேக்புக் ஏர் மாதிரியானவற்றில் பொதுவாக 100 டாலர் குறையும். ஆனால் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் சேல் சமயத்தில் அதைவிடக் குறைவாகவே யாருக்கும் கிடைக்கிறது, ஆகவே விலையை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். நாலாவது படிக்கிற பையனுக்கு மேக்புக் எதற்கு என்பது வேறு கேள்வி. நான் கேட்கவில்லை.

பார்ன்ஸ் அண்ட் நோபிளில் எஜுகேட்டர்களுக்குப் பட்டியல் விலையில் 20 சதவீதம் குறைப்பார்கள், ஹோம்ஸ்கூல் பெற்றோருக்கும் அது உண்டு. பாடத்துக்கு வாங்குகிற புத்தகத்துக்குத்தான். நீங்கள் படிக்கிற நாவலை அதில் சேர்க்காதீர்கள். ஹாஃப் பிரைஸ் புக்ஸ் நம்ம டாலஸில் 1972-ல் தொடங்கிய கடை. அங்கே எஜுகேட்டர் அட்டைக்கு 10 சதவீதம்தான், ஆனால் ஏற்கெனவே பழைய புத்தக விலை என்பதால் என் கணக்கில் அதுதான் உண்மையான லாபம். எங்கள் வீட்டு அறிவியல் புத்தகங்களில் பாதி அங்கே வாங்கியவைதான், ஓரத்தில் வேறு பிள்ளைகளின் பென்சில் கிறுக்கலோடு.

அடோபி மென்பொருளுக்கும் ஹோம்ஸ்கூல் பிள்ளைகள் மாணவர் விலைக்குத் தகுதி உள்ளவர்கள், ஆனால் 13 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் கற்பிக்கப் போகிறோம் என்ற தேதியிட்ட கடிதம், சங்க உறுப்பினர் அட்டை, இந்த வருடப் பாடத்திட்டம் வாங்கிய ரசீது போன்றவற்றைக் கேட்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படாது. பின்னால் வாங்கினால் முதல் வருட விலை ஒன்று, அடுத்த வருடம் தானாகப் புதுப்பிக்கும்போது அதிக விலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாடத்திட்டம் வாங்கிய ரசீதுகளை எதற்கும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், கேட்கிற இடங்கள் பல.

எல்லா இடத்திலும் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆன்லைன் கடையில் ‘உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பட்டியல். மாநிலத்தில் உள்ள ஸ்கூல் எல்லாம் அதில் இருக்கிறது, என் மாமியார் ஊர் மட்டும் இல்லை. மூன்று நாள் சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். நடுவில் ஒரு தடவை, பக்கத்துத் தெருப் பள்ளியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடலாமா என்று கைகூட போனது. செய்யவில்லை. அதுதான் நீங்கள் கேட்ட ஏமாற்று. ஹோம்ஸ்கூல் அம்மா என்று சொல்லிக் கேட்பது உரிமை, அரசுப் பள்ளி ஆசிரியை என்று சொல்வது பொய். கடைசியில் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடிதத்தை இணைத்ததும் மறுநாளே சரி செய்துவிட்டார்கள். பன்னிரண்டு டாலர் மிச்சம். மூன்று சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு டாலர்.

அப்புறம் ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட். இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் ‘ஸ்டூடண்ட்’ என்றால் கல்லூரி மாணவர், பதினெட்டு வயது நிரம்பியவர். நாலாவது படிக்கிற பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஸ்டூடண்ட் கிடையாது. பின்னால் ஹைஸ்கூல் வயதில் காலின் காலேஜ் மாதிரி கம்யூனிட்டி காலேஜில் டூயல் கிரெடிட், அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகிற பாடத்தில், சேர்த்தால் நிலைமை மாறும். அங்கே ஹோம்ஸ்கூல் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள், உண்மையான மாணவர் அடையாளம் கிடைக்கும். என் பெரியவளுக்கு அந்தக் கல்லூரி அட்டை வந்த அன்று, சினிமா டிக்கெட்டுக்குக்கூட அதையே நீட்டினாள்.

வருமான வரியில் ஆசிரியர்களுக்குத் தனிக் கழிவு உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். போட்டுவிடாதீர்கள். பள்ளியில் வருடத்துக்கு 900 மணி நேரமாவது வேலை செய்கிறவர்களுக்கு அது. ஹோம்ஸ்கூல் செலவு அதில் சேராது என்று வரித்துறையான ஐஆர்எஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கடையில் தவறாகக் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள், அதோடு போயிற்று. வரித்துறை அப்படி விடாது.

விசாவுக்கு வருகிறேன். சொந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது வேலை இல்லை, அட்டையில் ‘டீச்சர்’ என்று அச்சாகியிருப்பதால் அது வேலையாகிவிடாது. ஆனால் ஒன்று. நாலைந்து குடும்பம் சேர்ந்து கோ-ஆப் நடத்துவோம், ‘நீங்க கணக்கு நல்லா எடுக்கிறீங்களே, எங்க பிள்ளைங்களுக்கும் எடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்’ என்பார்கள். இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை இல்லாமல் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அது வேலை. கணக்குக்குப் பதில் அவர்கள் உங்கள் பிள்ளைக்கு வயலின் சொல்லித்தருகிறேன் என்றாலும், ஒரு வக்கீலிடம் கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்கள் கராஜில் இருக்கிற மூன்று பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். முதல் வருடம் அட்டை கைக்கு வந்த ஜோரில், தள்ளுபடி இருக்கிறது என்பதற்காகவே வாங்கித் தள்ளினேன். உள்ளே விளக்கு எரியும் உலக உருண்டை, எரிமலை செய்கிற கிட், அச்சு எழுத்துப் பயிற்சி ஏழு பாகம். எரிமலை இன்னும் பிரிக்கப்படவில்லை. இப்போது முதலில் லைப்ரரியில் எடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். உங்கள் ஊர் லைப்ரரியில் ஹோம்ஸ்கூல் குடும்பத்துக்கு டீச்சர் கார்டு உண்டா என்று கேளுங்கள். பல ஊர்களில் அதற்கு அதிகப் புத்தகமும் அதிக நாளும் தருகிறார்கள்.

இலவசமாக இருப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் பொது நுழைவுக்குக் காசில்லை. அதன் பக்கத்திலேயே க்ரோ ஆசியக் கலை அருங்காட்சியகம், அதுவும் இலவசம். நம் ஊர்ச் சிலை எதையாவது பார்த்தால் பிள்ளைகள் நிற்பார்கள். ஃபோர்ட் வொர்த்தில் கிம்பெல் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பும் அப்படியே. ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் ஹோம்ஸ்கூல் நாள் என்றே தனியாக வைக்கிறார்கள், தேதி பார்த்துப் போங்கள். ஆகஸ்டில் ஒரு வார இறுதிக்கு டெக்சாஸில் விற்பனை வரி கிடையாது. 100 டாலருக்குக் குறைவான துணி, செருப்பு, பை, நோட்டு, பென்சிலுக்கு அது பொருந்தும், யாரிடமும் அட்டை காட்ட வேண்டாம். டாலஸ் பக்கம் 8.25 சதவீதம் மிச்சம். கம்ப்யூட்டருக்கு இல்லை.

உங்கள் பெரியவன் நாலாவது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். நாலாவது படிக்கிற பிள்ளைகளுக்குத் தேசியப் பூங்காக்களுக்கு ஒரு வருட இலவச பாஸ் உண்டு. ஹோம்ஸ்கூலில் அந்த வயதுப் பிள்ளைக்கும் தருகிறார்கள். அவன் பெயரில் எடுத்தாலும் காரில் இருக்கிற குடும்பம் முழுக்க உள்ளே போகலாம். ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், அதற்குள் நம் டெக்சாஸிலேயே இருக்கிற பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். வண்டிக்கு 30 டாலர் அங்கே மிச்சம், வானத்தில் அவ்வளவு நட்சத்திரத்தை நான் கிராமத்தில்கூடப் பார்த்ததில்லை. பாஸைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள்.

என் ஆகஸ்ட் கடிதத்தின் மாதிரி வேண்டுமானால் அனுப்புகிறேன். பெயர், தேதி, வகுப்பு மூன்றையும் மாற்றிவிட்டு அச்சடியுங்கள். போன வருடம் ஒரு தம்பி அப்படியே எடுத்துப் போய், என் மகளைத் தன் மாணவி என்று கடையில் காட்டிவிட்டு வந்தார்.