முன்தோல் வீக்கம்: முதலில் டெட்டாலை நிறுத்துங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "வயது 31. திருமணமாகி நான்கு மாதம். உடலுறவு கொண்ட மறுநாள் முன்தோல் சிவந்து, வீங்கி, அரிக்கிறது. இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். அடுத்த முறை திரும்ப வரும். சுத்தம் போதவில்லையோ என்று தினமும் டெட்டால் தண்ணீரில் கழுவுகிறேன். மருந்துக்கடையில் கொடுத்த கிரீமும் போட்டேன். நண்பர் உடல் சூடு என்கிறார். மனைவிக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

வீங்கியிருக்கும்போது, பின்னுக்குத் தள்ளிய தோல் பழையபடி முன்னே வருகிறதா? இதை முதலில் பாருங்கள். வராமல், ஆணுறுப்பின் நுனியான மொட்டுக்குப் பின்னால் வளையம்போல் இறுகிவிட்டால், அது ரத்தம் திரும்பும் வழியை அடைத்துவிடும்; நேரம் போகப் போக வீக்கம் கூடும். வீங்கிய இடத்தைக் கையால் ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே தோலை முன்னால் இழுங்கள். வரவில்லையென்றால் நள்ளிரவானாலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். விடியட்டும் என்று இருந்துவிட்டு மொட்டு கறுத்த பிறகு வருகிறவர்கள் உண்டு. வெட்கத்துக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்த நிலை இல்லை என்று தெரிகிறது. அடுத்து நான் கேட்பது, எவ்வளவு நேரம் கழித்து வீங்குகிறது என்பதைத்தான். முடிந்த சில நிமிடங்களிலேயே வீங்கினால் உராய்வாக இருக்கலாம். ஈரப்பசை போதாமல் அவசரப்படும் புதுமணத் தம்பதியரிடம் இது சகஜம். ஆணுறை போடும் நாட்களில் மட்டும் வந்தால் ரப்பர் ஒவ்வாமையா என்று பார்க்க வேண்டும். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.

மறுநாள் சிவந்து அரிப்பது, புள்ளி புள்ளியாகத் தடிப்பது, தோலுக்கடியில் தயிர்போல் வெள்ளையாகப் படிவது, இவையெல்லாம் கேண்டிடா என்ற பூஞ்சையை நினைக்க வைக்கும். உடல் சூடு இதற்குக் காரணமில்லை. ஆனால் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் நாள் முழுதும் இறுக்கமான ஜீன்ஸுக்குள் தேங்கும் வியர்வை பூஞ்சைக்கு நல்ல இடம்.

இனி டெட்டால். முன்தோலின் உட்புறம் கன்னத்தின் உட்புறம்போல மெல்லியது. கிருமிநாசினியும் சோப்பும் அதைப் புண்ணாக்கும், புண்ணானதும் எரியும், எரிந்தால் சுத்தம் போதவில்லை என்று இன்னும் தேய்ப்பீர்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் பெரும்பாலும் சுத்தத்தில் அக்கறை உள்ளவர்கள்தான். தினம் ஒருமுறை தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை மறக்காமல் முன்னே கொண்டுவாருங்கள். அது போதும்.

கடையில் கொடுத்த கிரீமின் பெட்டியைப் பாருங்கள். குளோபெட்டாசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை வளரும், தோல் மெலியும். நிறுத்திவிடுங்கள். பூஞ்சைதான் என்று டாக்டர் சொன்னால் 1% குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமை நாளுக்கு இருமுறை, ஒன்று முதல் இரண்டு வாரம் போடச் சொல்வார். முழுதும் ஆறும்வரை உடலுறவு வேண்டாம்.

திரும்பத் திரும்ப வருவதால் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். 31 வயதுதானே என்று விடாதீர்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், முன்தோல் அரிப்புக்காக வந்து கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் மறுபடி சோதித்து உறுதிசெய்வார். ஏற்கெனவே டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு, சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் இந்தத் தொல்லை கூடுதலாக வரும். அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த டாக்டரிடம் சொல்லட்டும்.

கொப்புளம், புண், வலியில்லாத புண்ணும்கூட, சீழ், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தொடையிடுக்கில் நெறிகட்டுதல், இவற்றில் எது இருந்தாலும் பால்வினை நோய்ச் சோதனை அவசியம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம், விவரம் ரகசியம். 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

மனைவியிடம் மறைக்காதீர்கள். அவருக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். பூஞ்சை வந்ததால் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். வேறு உறவு எதுவும் இல்லாதவர்களுக்கும் அது வரும்.

பார்க்க வேண்டியது தோல் டாக்டரை; நம் நாட்டில் தோலும் பால்வினை நோயும் ஒரே படிப்பு. நீங்கள் போய்ச் சேருவதற்குள் வீக்கம் வடிந்திருக்கலாம். அதனால் வீங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த கிரீம் டியூபையும், சமீபத்தில் சாப்பிட்ட வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் அட்டைகளையும் கொண்டுபோங்கள். சில மாத்திரைகளின் ஒவ்வாமை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் தடிக்கும்.