இரை வெட்டும் பலகை: கேட்டதும் சொன்னதும்

கச்சான் காற்று தூக்கி, வள்ளம் கரையில் கிடக்கிற நாட்களில்தான் நம் ஆட்களுக்குத் தச்சு வேலை நினைவுக்கு வரும்போல. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், தூண்டிலில் மாட்டுகிற இரையை வள்ளத்தில் வைத்து வெட்டும் பலகையைப் பற்றித்தான். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உவரியிலிருந்து: அண்ணாச்சி, கறிக்கடைப் புளியமரக் கட்டை ஒன்று சும்மா கிடைத்தது. வள்ளத்தில் போடலாமா?

கறிக்கடைக்கு அதை மிஞ்சின கட்டை கிடையாது. ஆனால் அங்கே அது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், அதன் கனமே அதை நகரவிடாது. வள்ளத்தில் அந்தக் கனத்தை எதற்குச் சுமக்க வேண்டும்? சரி, மெல்லிசாக அறுத்துப் போடுவோம் என்றால், காலையில் உப்புத் தண்ணீரில் ஊறி மத்தியானம் காய்ந்து ஒரு மாதத்தில் வளைந்து வெடிக்கும், வெடிப்புக்குள் செதிலும் ரத்தமும் போய்விட்டால் வாடையை யாராலும் எடுக்க முடியாது. கட்டையை வீட்டில் வையுங்கள். வள்ளத்துக்கு எச்.டி.பி.ஈ. பலகை வாங்குங்கள், ஓட்டல்களில் காய்கறி வெட்டுகிற அதே வெள்ளை பிளாஸ்டிக். 12 மி.மீ. கனம், ஒன்றரை அடிக்கு ஓர் அடி போதும். தண்ணீர் குடிக்காது, கத்தியையும் சீக்கிரம் மழுங்கடிக்காது, தச்சர் ரம்பத்திலேயே அறுபடும். கடலில் விழுந்தால் மிதக்கும் என்பார்கள், வெறும் பலகை மிதக்கும்தான், ஆனால் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. நாலைந்து போல்ட் ஏறிய பிறகு அதை நம்பாதீர்கள், ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

இடிந்தகரையிலிருந்து: ஃபைபர் வள்ளத்தில் ஓட்டை போடாமல் பலகையை எப்படி நிறுத்துவது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். என் முதல் பலகையை ஈரச் சாக்கு ஒன்றின்மேல் சும்மா வைத்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விடியற்காலை பக்கவாட்டில் அலை தூக்கியபோது பலகை வழுக்கி என் பக்கம் வந்தது, கத்தி அது பாட்டுக்கு இறங்கி இடது கட்டைவிரல் அடியில் நின்றது. மூன்று தையல், ஒரு டெட்டனஸ் ஊசி, பத்து நாள் கடல் இல்லை.

அதற்குப் பிறகு செய்தது இது. வள்ளத்தின் குறுக்குப் பலகை எத்தனை அங்குல அகலம் என்று அளந்துகொள்ளுங்கள். வெட்டும் பலகையின் அடியில் இரண்டு சட்டம், அதே பிளாஸ்டிக்கில் அறுத்தது, குறுக்குப் பலகையின் இரண்டு விளிம்பையும் வெளியிலிருந்து கவ்வுகிற மாதிரி வர வேண்டும். பழைய டயர் டியூப்பை நறுக்கிச் சட்டத்தின் உள்பக்கம் கொடுக்க ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். இப்போது முன்னும் பின்னும் நகராது. பக்கவாட்டுக்கு, அதே டியூப்பில் இரண்டு வார் வெட்டி அடியில் சுற்றி இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம், வள்ளத்தில் ஒரு கீறல் விழாது. ஓட்டை போட்டே தீருவேன் என்பவர்கள் அந்த ஓட்டையின் உள்சுவருக்கு ரெசின் பூசாமல் விடாதீர்கள். அடியில் மரமோ ஃபோமோ இருந்தால் தண்ணீர் அதற்குள் போய்விடும்.

கூத்தங்குழியிலிருந்து: அலுமினியச் சட்டத்தில் ஸ்க்ரூ அடித்து இறுக்கினேன். மத்தியானம் அப்பளம் மாதிரி புடைக்கிறது. பசை போட்டு ஒட்டிவிடவா?

பசை வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. வெயிலில் இரண்டடிப் பலகை 2, 3 மி.மீ. நீளும், அலுமினியம் அவ்வளவு நீளாது, போக இடமில்லாமல் நடுவில் எழும்புகிறது. 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை போட்டு, அகல வாஷர் கொடுத்து, நைலான் வைத்த நட்டில் மிதமாக இறுக்குங்கள். தலை மேலே துருத்தாமல் குழி தோண்டி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் கத்தி வாய் போய்விடும். இன்னொன்று, உப்புத் தண்ணீரில் ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாக உதிரும். அடுத்த தடவை சட்டத்தையும் பிளாஸ்டிக்கிலேயே செய்யுங்கள். ஸ்டீல் என்றால் 304 ரகம் கடலில் பழுப்புப் புள்ளி வைக்கும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் என்கிற உலோகத்தைச் சேர்ப்பதே உப்பைத் தாங்கத்தான்.

பெருமணலிலிருந்து: ஐஸ் பெட்டி மூடியில் வைத்து வெட்டினால் என்ன?

வெட்டலாம், மூடி போகும். மேல்தோலில் கீறல் விழுந்தால் உள்ளே இருக்கிற ஃபோமுக்குத் தண்ணீர் இறங்கும், பிறகு ஐஸ் நிற்காது.

கூடுதாழையிலிருந்து: எவ்வளவு கழுவினாலும் பலகையில் கவிச்சி போகவில்லை.

முதலில் வெந்நீரை நிறுத்துங்கள், ரத்தத்தை அது இறுக்கிவிடும். கடலில் வைத்தே காயும் முன் கடல் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கரைக்கு வந்து சோப்பு, நல்ல தண்ணீர், பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கழிவறை ஆசிட்டை இதோடு சேர்த்துவிடாதீர்கள், கிளம்புகிற புகை நெஞ்சை அடைக்கும். கத்திக் கோடுகள் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமானால் இழைப்புளி போட்டு மேல்பரப்பைச் சீவுங்கள், அல்லது பலகையைத் திருப்பிப் பூட்டுங்கள்.

வள்ளியூரிலிருந்து, லீவுக்கு மாமாவோடு கடலுக்குப் போகிற தம்பி: கணவாய் வெட்டும்போது வழுக்குகிறதே?

தோல் பக்கம் கீழே இருக்கட்டும், சதைப் பக்கத்திலிருந்து கத்தியை ஒரே இழுவையாக இழுக்க வேண்டும், அழுத்தி அறுக்கக் கூடாது. ஒரு முனை விரல் அகலம், மறுமுனை வால் மாதிரி குறுகலாக வரட்டும், அகல முனையில் தூண்டிலை ஒரே ஒரு குத்து. சாளையா, ஐஸில் பாதி விறைத்திருக்கும்போதே சாய்வாக வெட்டு. இளகிவிட்டால் நசுங்கும், தூண்டிலில் நிற்காது.

அதே வள்ளியூர்த் தம்பி: மிஞ்சின இரைச் சாளையைக் குழம்பு வைக்கலாமா?

கடைசி வரை ஐஸுக்குள் இருந்தது என்றால் தாராளமாக. பலகையில் வெயிலில் கிடந்தது என்றால் வேண்டாம். சாளை, அயிலை, சூரை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் ஊறிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலியும் அரிப்பும் வரும். அம்மாவிடம் கொடுக்காமல் ஒரு டப்பாவில் சாளை ஓர் அடுக்கு, கல் உப்பு ஓர் அடுக்கு என்று போட்டு மூடி வை. நாளைக்குச் சதை இறுகி இன்றையதைவிட நன்றாகத் தூண்டிலில் நிற்கும்.