மின்னலின் பிறப்பை ஒரே கருவி காட்டிவிடுமா?

கேள்வி: கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மேகத்துக்குள் மின்னல் எப்படித் தொடங்குகிறது என்று மாணவர்களோடு ஆராய ஆசை. கூரையில் ஒரே ஒரு சென்சார் வைத்தால் போதும், மின்னல் பிறக்கும் இடமும் கணமும் திரையில் வந்துவிடும் என்கிறார் ஒரு விற்பனை முகவர். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் விற்பது பெரும்பாலும் மின்னல் தரையைத் தொடும்போது எழும் பெரிய ரேடியோத் துடிப்பைப் பிடிக்கும் கருவியாகத்தான் இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணில் அந்தத் துடிப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கூடப் பயணிக்கும், பிடிப்பது எளிது. நீங்கள் தேடும் தொடக்கமோ அதற்குப் பல மில்லிநொடிகள் முன்பே மேகத்துக்குள் முடிந்திருக்கும்.

அந்தத் தொடக்கம்தான் இன்றும் புதிர். கடல்மட்டத்தில் காற்றின் மின்காப்பு முறிய மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். உயரே காற்று மெலிவதால் தேவை குறையும். அப்படியும் பலூன்கள் இடிமேகங்களுக்குள் அளந்தது பெரும்பாலும் மீட்டருக்கு ஒன்றிரண்டு லட்சம் வோல்ட்தான். மிச்சத்தை ஈடுகட்டுவது பனித்துகள் முனைகளில் செறியும் புலமா, காஸ்மிக் கதிர்கள் கிளப்பும் வேக எலக்ட்ரான்களா என்பதில்தான் விவாதமே.

இதைத் தரையிலிருந்து ஆராய வி.எச்.எஃப். எனும் மிக உயர் அதிர்வெண் ரேடியோ அலைகளைக் கேட்க வேண்டும். அலை மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் ஓடுவதால், கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் இடமும் நூற்றுக்கணக்கான மீட்டர் பிசகும். இடத்தின் மூன்று அளவுகளும் நேரமும் சேர்ந்து தெரியாதவை நான்கு. எனவே குறைந்தது நான்கு நிலையங்கள், ஜி.பி.எஸ். கடிகாரத்தால் ஒத்திசைந்தவையாக வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ டெக் பல்கலைக்கழகம் உருவாக்கிய மின்னல் வரைபட அணி இப்படித்தான் இயங்குகிறது. வானியலுக்காக நெதர்லாந்தில் எழுப்பிய லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி, 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டு மின்னலை மீட்டர் அளவுக்கு நுணுக்கமாக வரைந்திருக்கிறது. அங்கும் பல நிலையங்களில் பரவிய ஆன்டெனாக்களின் கூட்டுவேலைதான்.

முகவர்களிடம் எச்சரிக்கை. ‘40 கிலோமீட்டர் வீச்சு’ என்ற பேச்சில் மயங்காதீர்கள். மலிவான ஒற்றைச் சென்சார் சமிக்ஞையின் பலத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. தொலைவில் விழும் பலத்த மின்னலும் அருகில் விழும் மெலிந்த மின்னலும் அதற்கு ஒன்றே. மின்வழங்கி கிளப்பும் இரைச்சலைக்கூட மின்னலாக எண்ணிவிடும். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நேரக் குறியீட்டோடு, பதப்படுத்தாத மூல அலைவடிவத்தைக் கருவி கோப்பாகத் தருமா? பேச்சை மாற்றி அழகான வரைபடத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் புள்ளிகள் வேறொரு வலையமைப்பின் தரவாக இணையத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. தட்டையான உலோகத் தகடு ஆன்டெனா ஒன்றையும் வேகமான பதிவுக் கருவியையும் வைத்தால், அருகில் எழும் மின்னலின் தொடக்க முறிவுத் துடிப்புகளை, அதாவது மேகத்துக்குள் காற்றின் மின்காப்பு முறியத் தொடங்கும்போது எழும் துடிப்புகளை, தனியாகவே பதியலாம். அவை சில பத்து மைக்ரோநொடி அகலமுள்ளவை. தொடக்கத்தின் முதல் சில மில்லிநொடிகளில் தொடராக வரும். ஆனால் மூன்று நிபந்தனைகள். புயல் சில பத்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பதிவுக் கருவி, தன்னைப் பதியத் தூண்டும் சமிக்ஞைக்கு முன் நடந்ததையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தரைத் துடிப்பு வந்த பிறகே விழித்து, வேண்டியதைத் தவறவிடும். மூன்றாவது, இது ‘எப்போது’ என்று மட்டுமே சொல்லும், ‘எங்கே’ என்று சொல்லாது. மாணவர் ஆய்வுக்கு இதுவே நேர்மையான தொடக்கம்.

கொள்முதல் குழுக்களோடு எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பளபளக்கும் ஒற்றைப் பெட்டிக்கு உடனே கையெழுத்து விழுகிறது. கடிகாரத்துக்கும் கேபிளுக்கும் ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் கேட்டால், விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமே இல்லை என்கிறார்கள். அதனால்தான் பல கூரைகளில் சென்சார்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உங்கள் விண்ணப்பத்தில் நேர ஒத்திசைவையும் பராமரிப்பையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். அருகிலுள்ள மூன்று கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரே வகைக் கருவியை நான்கு இடங்களில் வைக்கக் கேளுங்கள்.