முதல் காக்பிட் இருக்கை: கேப்டன் பதில்கள்

கேள்வி: கேப்டன் ஐயாவுக்கு வணக்கம். என் மகன் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் படிக்க வைத்தோம். ஏர்பஸ் 320 டைப் ரேட்டிங் முடித்தால் உடனே வேலை, நானே சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். இன்னும் இருபது லட்சம் வேண்டுமாம். வீட்டையும் அடமானம் வைக்கலாமா?
*– ஒரு தாய், ராசிபுரம்*

பதில்: வேண்டாம் அம்மா. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகன் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கியது செஸ்னா மாதிரியான சின்ன விமானங்களில். ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானத்தில் உட்கார, அந்தந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். வகுப்பும் சிமுலேட்டருமாக நடக்கும் நல்ல பயிற்சி, அதில் குறை இல்லை. எந்த நிறுவனத்துக்காக, எப்போது செய்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இண்டிகோவில் பெரும்பாலும் ஏர்பஸ் 320 குடும்பம். அகாசாவில் போயிங் 737 மட்டும். யார் எடுப்பார்கள் என்று தெரியும் முன்பே ஒரு ரகத்தை வாங்கிவிட்டால், மற்ற ரகத்தை ஓட்டும் நிறுவனத்தில் அந்த இருபது லட்சத்துக்கு மதிப்பில்லை.

2019 மார்ச்சில் 737 மேக்ஸ் விமானங்களைப் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே ஜெட் ஏர்வேஸ் நின்றது. அங்கே 737 ஓட்டி அனுபவம் பெற்ற விமானிகளே கூட்டமாக வேலை தேடி வந்தார்கள். சொந்தக் காசில் 737 ரேட்டிங் முடித்துவிட்டு, விமானத்தில் ஒரு நாள்கூடப் பயணிகளோடு பறக்காத பிள்ளைகளை யார் கூப்பிடுவார்கள்? அவர்கள் நிமிர்வதற்குள் கொரோனா. அப்போது நான் சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கற்றதை மறந்துவிடக் கூடாது என்று கடன் வாங்கி மறுபடி மறுபடி வந்த முகங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதே கதை ஏர்பஸ்காரர்களுக்கு நடந்தது.

நிறுவனம் தேர்வு வைத்து, எழுத்தில் வேலைக் கடிதம் கொடுத்து, அதன் பிறகு டைப் ரேட்டிங் செலவில் பங்கு கேட்டால் அது வேறு விஷயம். அப்போதும் பாண்டை, அதாவது நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தை, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு, பயிற்சியில் தேறாவிட்டால் பணம் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை. நடுவில் நின்று "சேர்த்துவிடுகிறேன்" என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பணத்தில் சிறு பகுதி போதும், உங்கள் மகனைத் தேர்வுக்குத் தயாராக வைத்திருக்க. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் சோதனையும், விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவச் சோதனையும் வருடாவருடம் காலாவதியாகும். அழைப்பு வந்த பிறகு புதுப்பிக்க ஓடினால், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். தேர்வில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சிமுலேட்டரில்தான்: ஆட்டோபைலட் இல்லை, திரையில் வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டர் இல்லை, வெறும் ஊசிகளைப் பார்த்து, ரன்வேக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் ரேடியோ சிக்னலைப் பிடித்து இறங்கு என்பார்கள். இறங்க அனுமதி வரும்வரை வானில் சுற்றிக் காத்திருக்கும் ஹோல்டிங்கில் எந்தப் பக்கமிருந்து நுழைவது என்று அங்கே போய் யோசிக்க நேரமிருக்காது. தேர்வு தேதி தெரிந்ததும் சில மணி நேரம் சிமுலேட்டரில் உட்காரட்டும். வீட்டில் தினமும் மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கை ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படிக்கட்டும்; நேர்முகத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும் இடங்கள் உண்டு.

கேள்வி: சார், ஏர்லைனில் இரண்டு முறை இறுதிச் சுற்றுவரை போய்த் திரும்பினேன். விமானத்தை வாடகைக்கு விடும் தனியார் சார்ட்டர் நிறுவனங்களில் முயலலாமா, பயிற்றுநராகப் போகலாமா? பயிற்றுநர் வேலைக்குப் போனால் ஏர்லைன் கனவு அவ்வளவுதான் என்கிறார்கள் தோழிகள்.
*– பைலட் வாசகி, மதுரை*

பதில்: பயிற்றுநர் வேலைக்குப் போங்கள், மகளே. தோழிகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பக்கத்து சீட்டில் ஒரு மாணவன் ரன்வேயைவிட்டு விலகி இறங்கும்போது, எந்த நொடியில் கண்ட்ரோலை வாங்குவது, எதுவரை விட்டுப் பார்ப்பது என்று தீர்மானிப்பவர்தான் நாளைக்கு நல்ல கேப்டன் ஆவார். சம்பளம் குறைவு, வெயில் அதிகம், உண்மைதான். ஆனால் மணி நேரம் ஏறும். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்குத் தேவையான 1500 மணி நேரத்தில் அதுவும் சேரும். கை பழக்கம் விட்டுப்போகாது. சேலத்திலேயே பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. வெளி மாநிலத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உதவிப் பயிற்றுநர் ரேட்டிங்கில் தொடங்குங்கள்.

சார்ட்டர் கதவு 200 மணி நேரக்காரருக்கு எளிதில் திறக்காது. விமானத்தின் இன்சூரன்ஸே பெரும்பாலும் கூடுதல் அனுபவம் கேட்கும். இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. ஹேங்கருக்கு நேரில் போய் ஆபரேஷன்ஸ் பொறுப்பாளரைப் பார்த்து, பயோடேட்டாவைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தரையில் ஆபரேஷன்ஸ் வேலை இருக்கிறது என்றால் அதையும் தயங்காமல் கேளுங்கள். கிங் ஏர் மாதிரி சின்ன இரட்டை இன்ஜின் விமானத்தில் இடம் கிடைத்தால் எரிபொருள் கணக்கு, எடைக் கணக்கு, பயணியின் பெட்டி ஏற்றுவது எல்லாம் நீங்கள்தான். இரவு பத்து மணிக்குப் போன் வரும், விடியற்காலை கிளம்ப வேண்டும். ஏர்லைனில் வருடக்கணக்கில் கற்பதை அங்கே சீக்கிரம் கற்றுவிடலாம்.

ஆனால் ஒன்று: மோசமான வானிலையிலும் "முதலாளி அவசரமாகப் போக வேண்டும்" என்று நெருக்குகிற இடமாகத் தெரிந்தால், அந்த வேலை வேண்டவே வேண்டாம். அங்கே பறப்பவர்களிடம் தனியாக விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் லைசென்ஸ் வாங்கினேன். இந்தியாவில் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
*– வாசகர், தஞ்சாவூர்*

பதில்: முடியாது தம்பி. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் எழுத்துத் தேர்வு, விமான ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் உரிமம், இங்குள்ள கிளாஸ் 1 மருத்துவச் சோதனை எல்லாம் முடித்து இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். அந்த நாட்டு அமைப்பிடமிருந்து உங்கள் லைசென்ஸ் உண்மையானது என்ற சரிபார்ப்பும் வர வேண்டும். அதற்கு இன்றே எழுதிப் போடுங்கள், தாமதம் அங்கேதான் ஆகும். லாக் புக்கில் ஒரு வரிகூட முரண்படாமல் பாருங்கள். 2011-இல் போலி ஆவணங்களால் லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்ட பிறகு எல்லாவற்றையும் கூர்ந்துதான் பார்க்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. கண்ணாடி போட்டிருக்கிறேன். இனிமேல் ஏர்லைன் கிடைக்குமா?
*– வாசகர், திருநெல்வேலி*

பதில்: கண்ணாடி தடை இல்லை, கண்ணாடியோடு பார்வை விதிப்படி சரியாக இருந்தால் போதும். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வொரு அறிவிப்பிலும் முதலில் அந்த வரியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.