கலங்கலுக்குக் கீழே ஒரு மனை

அன்புள்ள ஐயா,

எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குப் பாரிமுனையில். சைதாப்பேட்டை வாடகை கட்டுப்படியாகவில்லை. மகள் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. சொந்தமாக ஓர் இடம் வாங்கிப் போய்விடலாம் என்று ஆறு மாதமாக அலைகிறோம். மூன்று இடங்கள் தேறியிருக்கின்றன: திருவள்ளூரில் ஓர் அடுக்ககம், ஊரப்பாக்கத்திலிருந்து ஆதனூர் போகும் வழியில் அரை கிரவுண்டு மனை, செங்கல்பட்டில் ஒரு பழைய வீடு. மனைக்காரர் "ஸ்டேஷன் பத்து நிமிடம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஐந்து வருடத்தில் இரட்டிப்பு" என்கிறார். 2015 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது, இனி அப்படித் திறக்க மாட்டார்கள் என்றார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார். எந்த ஊரில் குடியேறுவது? நல்ல பள்ளி எங்கே இருக்கிறது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கே.
சைதாப்பேட்டை

அன்புள்ள கே.,

திருவள்ளூரை விட்டுவிடுங்கள். ஊர் நல்ல ஊர்தான், உங்கள் வேலைக்குப் பொருந்தாது. அங்கிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட்டோடு நின்றுவிடும். கிண்டிக்குப் போக நீங்கள் சாலையைத் தாண்டிப் பூங்கா நிலையத்துக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடிக்க வேண்டும். ஒருநாள் செய்யலாம், இருபது வருடம் செய்ய முடியாது.

மற்ற இரண்டும் ஒரே தடம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கி.மீ., செங்கல்பட்டு 60. செங்கல்பட்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், நேரம் போகும். ஊரப்பாக்கத்தில் ஏறினால் நேரம் மிச்சம், நின்றுகொண்டு வர வேண்டும். பயண நேரத்தை வீட்டுப் பூட்டிலிருந்து ஆபீஸ் கைரேகை வரை கணக்கிடுங்கள். மனை தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், குறுக்கே கேட் இருக்கிறதா, சுரங்கப்பாதை என்றால் மழையில் அது நிரம்புமா என்று பாருங்கள். விளம்பரத்தின் பத்து நிமிடம் இந்த மூன்றையும் சேர்க்காமல் போட்ட கணக்கு. 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. வண்டியை நம்பி வீடு வாங்க வேண்டாம், ஒரு நாளைக்குச் சில நடைதான். பள்ளி எல்லா ஊரிலும் இருக்கிறது. இரட்டிப்பு பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

செம்பரம்பாக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான். மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பொய் உயிர்பெற்று எழுகிறது.

செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். 2015-இல் மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் வழியில் இருக்கின்றன. ஆதனூர் இன்னும் மேலே. ஏரியைத் திறந்தால் தண்ணீர் கீழ்நோக்கி சைதாப்பேட்டைக்கு, அதாவது நீங்கள் இப்போது குடியிருக்கும் பக்கம்தான் போகும். மேலேறி ஆதனூருக்கு வராது. கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வடிவது தாமதமாகும், அவ்வளவே. அங்கே வீட்டுக்குள் புகுந்தது உள்ளூர்த் தண்ணீர். ஆற்றின் ஒரு கிளை மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகளிலிருந்து வருகிறது. இன்னொன்று நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து வருவது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அந்த மழைக்குச் செம்பரம்பாக்கத்தின் ஷட்டர் எதற்கு? 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் அதே நகர்களில் மறுபடி தண்ணீர் நின்றது. ஷட்டரைத் திறக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தை நம்பி மனை வாங்குகிறவர், எதிர்வீட்டுக் குழாயை மூடிவிட்டுத் தன் வீட்டுக் கூரை ஒழுகாது என்கிறவர்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஆறு மாதம் அலைந்தீர்களே, ஒரு நாளாவது மழையில் போனீர்களா? ஞாயிற்றுக்கிழமை, மனைக்காரரின் காரில், வெயிலில் போயிருப்பீர்கள். சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்த வட்டாரத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி உண்டு. ஏரியின் கரையில் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, கரையோரம் நிரம்பியது வழியும் கலங்கல். மதகுக்குக் கீழே நஞ்சை. நஞ்சை என்றால் என்ன? மோட்டார் இல்லாமல், தண்ணீர் தானாக வந்து சேரும்படி தாழ்வாக இருக்கும் நிலம். பயிர் போய் மனை வந்தபின் மதகை மூடலாம், சரிவை எதைக்கொண்டு மூடுவது? கலங்கல் வழியும்போது அதன் கால்வாய் தூர்ந்திருந்தால் தண்ணீர் பழைய வயலைத்தான் தேடிப் போகும். அந்த வயலில்தான் உங்கள் நகரின் முதல் குறுக்குத் தெரு.

இதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து, நிலத்தின் விவரம் எழுதிய அ-பதிவேட்டை எடுங்கள். நஞ்சையா புஞ்சையா என்றும், பாசன ஆதாரம் எது என்றும் அதில் இருக்கும். அங்கே ஏரியின் பெயர் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அடுத்து எஃப்.எம்.பி. எனும் புல அளவைப் படத்தை எடுத்து வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். பழைய படத்தில் அளவு லிங்க்கில் இருக்கும், ஒரு லிங்க் 0.66 அடி. பிறகு கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு, மனையிலிருந்து கலங்கல் வரை காலால் நடந்து பாருங்கள். படத்தில் உள்ள கால்வாய் தரையில் எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த நடை. பெரும்பாலும் ஒரு காம்பவுண்டுச் சுவரில் போய் முடியும்.

அப்ரூவல் எண்ணைக் காட்டுவார்கள். சாலை அகலமும் பூங்கா இடமும் விதிப்படி என்பதற்கு அது சான்று. நவம்பரில் தண்ணீர் நிற்காது என்று அதில் யாரும் கையெழுத்திடவில்லை. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மனையை எந்த மட்டத்துக்கு மேடாக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில்தான் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டதும் பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"மண் அடித்து மேடாக்கிக்கொள்ளலாம் சார்" என்பார்கள். கணக்குப் போடுவோம். உங்கள் மனை 1200 சதுர அடி. மூன்றடி உயர்த்த 3600 கன அடி, 36 யூனிட். தட்டி இறுக்கினால் அமுங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும், ஏறத்தாழ 43 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 14, 15 நடை. அதையும் மொத்தமாகக் கொட்டிப் பரப்பினால் இரண்டாம் மழையில் தரை உள்வாங்கும். முக்கால் அடிக்கு ஒரு படலமாகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். கீழே வயலின் களிமண் இருந்தால் அது நனைந்து உப்பும், காய்ந்து சுருங்கும். மண் பரிசோதனை இல்லாமல் சாதாரண அஸ்திவாரம் போட்டவர்களின் சுவரில் மூன்றாம் வருடம் குறுக்குவெட்டாக விரிசல் ஓடும். நீங்கள் மூன்றடி ஏற்றினால் பக்கத்து மனைக்காரர் நான்கடி ஏற்றுவார். சாலை போடுகிறவர்கள் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டுவார்கள். இந்தப் பந்தயத்தில் வீடு முதலில் கட்டியவருக்குத்தான் தோல்வி. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் நிலத்தடி மட்டம் ஏறி செப்டிக் டேங்க் வடியாது. நான்கு நாள் கழிப்பறை இல்லாமல் ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

காகிதம் சொல்லாததைத் தெரு சொல்லும். ஈ.பி. பெட்டி எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, சம்ப் மூடிக்கு எத்தனை அங்குலம் கட்டை கட்டியிருக்கிறார்கள், பழைய வீடுகளுக்குச் சாலையிலிருந்து படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் கேட்காதீர்கள், அவருக்கும் விற்க வேண்டியிருக்கும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண்களிடம் உங்கள் மனைவி கேட்கட்டும். மே மாதம் லாரித் தண்ணீர் எத்தனை முறை வருகிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். வண்டலூர் வட்டாரத்தில் அடியில் கடும்பாறை. நவம்பரில் மூழ்கும் தெருவிலேயே மே மாதம் போர்வெல் வெறும் காற்றைத் தள்ளும்.

செங்கல்பட்டுப் பழைய வீட்டைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதன் நிலைவாசல் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். முன்பணத்தை நிறுத்திவையுங்கள். மனையின் சர்வே எண்ணை உட்பிரிவோடு அனுப்புங்கள், 112 என்று பாதியில் விடாமல் 112/3பி என்பதுபோல் முழுதாக. எந்தக் கிராமக் கணக்கில் வருகிறது என்பதும் வேண்டும். ஊரப்பாக்கத்திலும் அதே எண் இருக்கும், ஆதனூரிலும் இருக்கும்.