எல்லைத் தகராறும் ஏழு அருவிகளும்

கேள்வி: என் மகன் அலுவல் நிமித்தம் பிரேசிலின் சாவோ பாலோ நகருக்குச் செல்கிறான். ரியோ, அமேசான், இக்வாசு அருவி ஆகிய மூன்றில் எதைத் தவறவிடக் கூடாது? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: ரியோவில் 710 மீட்டர் உயரக் குன்றின் மேல் கைவிரித்து நிற்கும் கிறிஸ்துவை நீங்களே நாட்காட்டிகளில் போதுமான அளவு பார்த்திருப்பீர்கள். அமேசான் என்றால் மானவுஸ் நகருக்குப் போகச் சொல்லுங்கள். அதன் அருகே கறுத்த நெக்ரோ ஆறும் சேற்று நிறச் சொலிமோயிஸ் ஆறும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரம் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுவதைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால், ‘தவறவிடக் கூடாது’ என்று எழுதினீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். அந்தச் சிறப்புக்கு முழுத் தகுதி உடைய அருவி ஒன்று பிரேசிலில் இருந்தது. 1982 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லோருமே அதைத் தவறவிட்டவர்கள்தாம்.

பரானா ஆற்றில், பராகுவே எல்லையை ஒட்டி, குவாயிரா என்ற ஊருக்கு அருகில் இருந்த சேத்தி கேதாஸ், அதாவது ஏழு அருவிகள், அது. சுமார் 380 மீட்டர் அகலத்தில் வந்த ஆறு அங்கே 60 மீட்டர் அகலப் பாறை இடுக்குக்குள் நெருக்கித் தள்ளப்பட்டது. நயாகராவில் நொடிக்குச் சராசரியாக 2,400 கனமீட்டர் நீர் விழுகிறதென்றால், இங்கே அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் விழுந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இரைச்சல் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்குமாம்.

இவ்வளவு பெரிய அருவி ஏன் மறைந்தது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. பராகுவே போருக்குப் பிறகு 1872இல் செய்துகொண்ட உடன்படிக்கை, இரு நாட்டு எல்லை மரக்காஜு மலைத்தொடர் வழியாக இந்த அருவிக்கு வந்து சேர்வதாகச் சொன்னது. மலையோ அருவியை நெருங்கும்போது கிளை பிரிகிறது. எந்தக் கிளை எல்லை என்ற தகராறு 1960களில் முற்றி, பிரேசில் அங்கே படையினரை நிறுத்தும் அளவுக்குப் போயிற்று. கடைசியில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இத்தைப்பு என்ற இடத்தில் கூட்டாக ஓர் அணை கட்டுவதென 1973இல் ஒப்பந்தமாயிற்று. நீர்த்தேக்கம் நிரம்பியதும் வழக்கிலிருந்த நிலம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. வரப்புத் தகராறில் தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்ட பங்காளிகள் இருவர், வாய்தாவுக்கு அலைந்து சலித்து, ஒரு நாள் ஏரிக்கரையை வெட்டிவிட்டு, “இனி வரப்பும் இல்லை, வழக்கும் இல்லை” என்று வெற்றிலை மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? அதற்குப் பஞ்சாயத்துத் தலைவர் மாலை போட, ஊரே கைதட்டினால் எப்படி இருக்கும்? இரு நாட்டு ராணுவ ஆட்சியாளர்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள்; கைதட்டலும் கிடைத்தது.

அருவியை 1961இல் தேசியப் பூங்காவாக அறிவித்த அதே அரசு, 1981இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. விடைபெறுவதற்காக மக்கள் திரண்டு வந்தார்கள். பாறைக்குப் பாறை கம்பிவடம் கட்டிப் பலகை பாவிய தொங்குபாலங்கள் அங்கே இருந்தன. 1982 ஜனவரியில் கூட்டத்தின் பாரம் தாங்காமல் அவற்றில் ஒன்று அறுந்து விழுந்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபரில் மதகுகளை மூடிய இரண்டே வாரங்களில் எல்லாம் மூழ்கிவிட்டது. கரையோரம் வாழ்ந்த சுமார் 10,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

‘ஆசிரியர் அணை என்றாலே முகம் சுளிப்பவர்’ என்று முன்பொரு முறை எனக்குப் பட்டம் கட்டிய அன்பர், இதைப் படித்ததும் பேனாவைத் திறந்திருப்பார். சற்றுப் பொறுங்கள். 14,000 மெகாவாட் திறனுள்ள இத்தைப்பு, பராகுவேயின் மின்தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்கிறது. தன் பாதிப் பங்கில் மிஞ்சுவதை அந்த நாடு பிரேசிலுக்கே விற்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்த மின்சாரத்தின் விலையை வைத்து இரு நாடுகளும் இன்னமும் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதையும் அன்பர் மறுக்க மாட்டார் என நம்புகிறேன். என் கோபமெல்லாம் ‘பார்த்தே தீர வேண்டிய இடங்கள்’ என்று பட்டியல் போடும் பயண இதழ்களின் மீதுதான்: அணையைத் தவறாமல் சேர்க்கும் அவர்கள், அதன் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

உங்கள் மகன் இக்வாசுவுக்கே போகட்டும். சுமார் 275 அருவிகள், 82 மீட்டர் வரை உயரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் பெரும்பாலானவை அர்ஜென்டினா பக்கம் இருப்பதால், பிரேசில் கரையில் நின்றால் மொத்தக் காட்சியும் எதிரே விரியும். அந்தப் பக்கத்து அருவிகளுக்கு அருகே போய் நனைய வேண்டுமென்றால் எல்லையைக் கடந்தாக வேண்டும்; விசா விவரத்தைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இத்தைப்பு அணை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சுற்றிக்காட்டும் வழிகாட்டியிடம் குவாயிரா அருவி எங்கே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். பதிலை எனக்கு எழுதினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.