தாய் போன முட்டை, பொய் சொல்லும் பெட்டி

கேள்வி: பத்து நாளாக அடையில் இருந்த வாத்தை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. ஒன்பது முட்டைகளைக் காப்பாற்ற அன்றைக்கே இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) வாங்கினேன். வைத்து நான்கு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் நரம்பு ஓடியது. திரையில் எப்போதும் 37.5 டிகிரி செல்சியஸ்தான். மூன்று வாரம் காத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்தால் பாதி வளர்ந்து செத்திருந்தன. விற்றவரோ, ‘முட்டை கூமுட்டை’ என்கிறார்.

பதில்: கூமுட்டையில் நரம்பு ஓடாது. இதை அவரிடம் இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். நான்காம் நாள் உயிரோடு இருந்தவை, தாய் இறந்த அன்று குளிர்ந்ததால் சாகவில்லை. பெட்டிக்குள் வந்தபிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது.

எனக்கும் இப்படி ஒரு பெட்டி வாய்த்தது. விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டி. திரையில் 37.5 என்று அழகாக எரிந்துகொண்டிருக்கும். சூட்டை அளக்கும் அதன் உணர்கம்பி பெட்டியின் தரையை ஒட்டிக் கிடந்தது என்பதைப் பன்னிரண்டு முட்டை போனபிறகுதான் கண்டுபிடித்தேன். சூடு மேலே ஏறும். விசிறி உள்ள பெட்டியில் எங்கே அளந்தாலும் 37.5 இருந்தால் போதும். விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளக்க வேண்டும், அங்கே 38.5 வாக்கில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி என் பெட்டியோடு வந்த தாளில் இல்லை. ‘முழுத் தானியங்கி’ என்று மட்டும் நான்கு இடத்தில் இருந்தது.

திரை காட்டுவது பெட்டியின் அபிப்பிராயம். நிஜத்தை அறியச் சிறு மூடிபோட்ட புட்டியில் தண்ணீர் நிரப்பி முட்டைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் வையுங்கள். எடுத்தவுடன் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதில் விடுங்கள். திரைக்கும் அதற்கும் ஒரு டிகிரி இடித்தாலே அடைக்கு ஆகாது. அப்படி இடித்தால் இரண்டு எண்ணும் தெரியப் படம் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள். பணம் கேளுங்கள், மாற்றுப் பெட்டி வேண்டாம்.

ஈரப்பத மானியும் இதே லட்சணம்தான். நான் வாங்கிய ஒன்று குளியலறையிலும் 50, மொட்டை மாடி வெயிலிலும் 50. ஒரு மூடியில் உப்பைச் சொட்டு நீரில் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பொம்மை.

கேள்வி: ‘56 முட்டை கொள்ளும்’ என்று போட்டிருந்தது. வாத்து முட்டை தட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது.

பதில்: அது கோழி முட்டைக் கணக்கு. வாங்குமுன் கேட்டிருக்கலாம். அவசரமாகத் தேவையென்றால் தட்டைக் கழற்றிவிட்டுக் கையால் புரட்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை. பென்சிலால் ஒரு பக்கம் குறி போடுங்கள்.

கேள்வி: குளக்கரைப் புதரில் ஆறு முட்டை, தாயைக் காணோம். எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். காட்டு வாத்து முட்டையெல்லாம் இட்டு முடித்தபிறகே அடைக்கு உட்காரும். அதுவரை கூடு வெறுமையாகத்தான் தெரியும். பல நாடுகளில் காட்டுப் பறவை முட்டையை எடுப்பதே குற்றம்.

கேள்வி: 31 நாள் ஆகிவிட்டது, மணிலா வாத்து முட்டை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: மற்ற வாத்துக்குத்தான் 28 நாள். மணிலாவுக்கு 35. மூடியை மூடுங்கள்.

கேள்வி: பெட்டி வாங்கி எட்டு மாதம் பிரிக்கவே இல்லை. இப்போது விசிறி ஓடவில்லை. ரசீதும் இல்லை.

பதில்: பிரிக்காத பெட்டிக்கு நான் என்ன சொல்ல? வாங்கிய அன்றே, முட்டை இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ரசீதைப் படம் எடுத்து வைக்க அரை நிமிடம் ஆகாது.

கேள்வி: இன்குபேட்டர் வாங்க வசதியில்லை. ஐந்து முட்டைதான், தாய் நேற்று செத்தது.

பதில்: அக்கம்பக்கத்தில் அடைக்கோழி இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். வாத்து முட்டையை அது மறுக்காது. அதன் சூட்டுக்குத் திரையும் வேண்டாம், உத்தரவாதமும் வேண்டாம். முட்டை பெரிது, கோழிக்குப் புரட்டச் சிரமம் என்றால் நீங்கள் புரட்டிவிடுங்கள்.

கேள்வி: குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம். உடைக்க உதவும் கருவி விற்கிறார்களாம், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வாத்துக்குஞ்சு ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஓட்டைப் பிய்த்தால் ரத்தக்குழாய் கிழியும். ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றிவிட்டு, பெட்டியைத் திறக்காமல் தள்ளி உட்காருங்கள்.